ராஜபாளையத்தில் இருந்தபடியே புவித்தட்டு எல்லைகளைக் கற்பது எப்படி?

முதலிலேயே கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் புவித்தட்டு எல்லை எதுவும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கிடையாது. இரண்டு ஊருக்கும் இடையில் நகராட்சி எல்லை இருக்கிறது, காவல் நிலைய எல்லை இருக்கிறது, வனத்துறை நட்ட எல்லைக் கல் இருக்கிறது, கண்மாய்க் கரையில் யார் நிலம் எதுவரை என்று தலைமுறை தலைமுறையாக வழக்கு நடக்கும் எல்லைகளும் இருக்கின்றன. பூமிக்கு மட்டும் இந்தப் பக்கம் ஒரு கோடு போட வேண்டும் என்று தோன்றவில்லை.

இதற்காக மனம் தளர வேண்டாம். எல்லைமேல் குடியிருப்பவர்களுக்கு அதைப் படிக்க நேரம் இருக்காது. தரை ஆடினால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டும். நமக்கு அந்த அவசரம் இல்லை. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, மின்விசிறிக்கு அடியில் கால் நீட்டிக்கொண்டு, சாவகாசமாகப் படிக்கலாம்.

இந்தக் கையேடு ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கும், குரூப் 4 தேர்வுக்காக நூலகத்தில் காலையிலேயே துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களுக்கும் எழுதப்பட்டது. பரீட்சையும் இல்லாமல், பிள்ளையும் கேட்காமல், சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்படும் சில அபூர்வப் பிறவிகளும் உண்டு. அவர்களும் படிக்கலாம். வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பல்ல.

தேவையான பொருட்கள்: ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பேருந்துச் சீட்டு, கால் கிலோ பால்கோவா, இந்தியப் பெருங்கடல் முழுதாகத் தெரியும் ஒரு வரைபடம், வீட்டில் இருந்தால் ஒரு சாளக்கிராமம், ஒரு தவளை. தவளை கிடைக்காது. பரவாயில்லை.

வழக்கமான முறை உங்களுக்கே தெரியும். புத்தகத்தைத் திறந்தால் மூன்று படங்கள் இருக்கும். ஒன்றில் அம்புக்குறிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். அது குவியும் எல்லை. இன்னொன்றில் முதுகைக் காட்டிக்கொண்டு போகும். அது விலகும் எல்லை. மூன்றாவதில் இரண்டும் தோளை இடித்துக்கொண்டு எதிரெதிராகக் கடந்து போகும். அது உரசும் எல்லை. பக்கவாட்டு நகர்வு என்று புத்தகத்தில் கௌரவமாகப் போட்டிருப்பார்கள். மோதினால் மலை, விலகினால் கடல், உரசினால் நடுக்கம். இதைப் பிள்ளையைப் பத்துத் தடவை எழுதச் சொல்லுங்கள். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மூன்றரை நிச்சயம். ஸ்கேல் வைத்து அம்புக்குறி போட்டால் நாலரை. இத்தோடு நிறுத்திக்கொள்ள நினைப்பவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். மீதியைப் படித்தால் அந்த நாலரைக்கு ஆபத்து.

எழுதி முடித்த பிள்ளை மொட்டை மாடிக்குப் போய் மேற்கே பார்க்கும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கும். அய்யனார் கோவில் பக்கம் மலை, செண்பகத்தோப்புப் பக்கம் மலை, கண்ணுக்கு எட்டிய வரை மலை. மோதினால்தானே மலை? "இங்க எதுப்பா மோதுச்சு?" என்று கேட்டுக்கொண்டு கீழே இறங்கி வரும். நீங்கள் தயங்காமல் "கேரளா" என்று சொல்லிவிடலாம். முல்லைப் பெரியாறு செய்தி படிக்கிற வீட்டில் அது நம்பும்படிதான் இருக்கும். ஆனால் தப்பு.

மேற்குத் தொடர்ச்சி மலை மோதலில் எழுந்தது அல்ல, பிரிவினையில் எழுந்தது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை நமக்கு மேற்கே அரபிக்கடல் இல்லை, மடகாஸ்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. அது பிய்த்துக்கொண்டு போனபோது, பிய்ந்த விளிம்பு மேலே தூக்கிக்கொண்டது. பிறகு மழை அதை அறுத்து அறுத்துச் செங்குத்துச் சரிவாக்கியது. மலை உருவான கதையாகப் பெரும்பாலான புவியியலாளர்கள் சொல்வது இதைத்தான். பிய்ந்த முகம் கேரளத்தைப் பார்த்திருக்கிறது. ராஜபாளையத்து மாடியிலிருந்து நாம் பார்ப்பது அதன் முதுகு. மலையின் கல்லோ இந்தக் கதைக்கெல்லாம் பாட்டன் வயதுடையது. நாம் கருங்கல் என்றும் புவியியலாளர்கள் சார்னோக்கைட் என்றும் சொல்லும் அந்தப் பாறை, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பல கண்டங்கள் கூடி கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஆனபோது, இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து இறுகியது. ஆக, அந்தக் காலத்தில் மோதலும் உண்டு. ஆனால் அந்த மோதலில் எழுந்த மலைகள் எப்போதோ கரைந்து போய்விட்டன. கல் ஒரு கல்யாணத்தில் பிறந்தது. மலை ஒரு பாகப்பிரிவினையில் எழுந்தது. பிள்ளைக்கு இவ்வளவையும் சொன்னால் அது பரீட்சையில் எழுதித் தொலைத்துவிடும். எனவே மாடிக் கதவைப் பூட்டி வைப்பது உத்தமம்.

இப்போது பேருந்து ஏறுங்கள். இடது பக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள், மலை கூடவே வரும். ராஜபாளையத்திலிருந்து பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் வடகிழக்கே சுமார் 11 கிலோமீட்டர். இந்தியத் தட்டும், உங்களையும் பேருந்தையும் நடத்துநரையும் சுமந்துகொண்டு, ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வீதம் அதே வடகிழக்குத் திசையில்தான் போகிறது. கணக்குப் போட்டால் இன்னும் 2 லட்சத்து 20 ஆயிரம் ஆண்டுகளில் ராஜபாளையம், இன்றைக்கு ஆண்டாள் கோயில் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். தேரோட்டத்துக்கு நடந்தே போகலாம் என்று சந்தோஷப்பட வேண்டாம். அதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர், கோபுரத்தையும் தேரையும் எடுத்துக்கொண்டு இன்னொரு 11 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

ஒரே தட்டில் இருப்பது என்றால் இதுதான். பக்கத்து ஊர் நம்மோடு சேர்ந்து வராமல் போகிற இடம் எங்கே ஆரம்பிக்கிறதோ, அங்கேதான் எல்லை. மதுரை நம்மோடு வருகிறது. நாக்பூர் வருகிறது. கொழும்பும் வருகிறது, நடுவில் பாக் நீரிணை இருப்பதைப் பார்த்து அங்கே ஒரு எல்லைக்கோடு போட்டுவிடாதீர்கள். தட்டின் கணக்கில் அது மேலே தேங்கி நிற்கும் தண்ணீர், அவ்வளவுதான். கடற்கரை வேறு, தட்டின் விளிம்பு வேறு. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். புரியாதவர்கள் மதுரை வரை சீட்டு எடுத்து யோசிக்கவும்.

இறங்கியதும் பால்கோவாக் கடை. அங்கே விறகடுப்பில் பால் கொதிப்பதைப் பார்த்தவுடன் ஒரு சபலம் தட்டும். "பூமியும் இப்படித்தாண்டா. உள்ளே கொதிக்குது, மேலே ஆடை படியுது, அந்த ஆடைத் துண்டுதான் தட்டு" என்று பிள்ளையிடம் சொல்ல நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். ஆடைக்குக் கீழே இருப்பது பால். தட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் குழம்பு அல்ல, பாறை. கெட்டிப் பாறையே அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல வழிகிறது. தட்டுகள் நெருப்புக் குழம்பில் மிதக்கின்றன என்று எழுதாத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. எழுதினால் மார்க்கும் விழுகிறது என்பதுதான் வேதனை.

பாலாடை இன்னொரு இடத்திலும் காலை வாரிவிடும். எவ்வளவு ஆறினாலும் ஆடை பாலுக்கு அடியில் போகாது. கடல் தட்டு போகும். கடலடி மலைத்தொடரில் புதிதாகப் பிறக்கும்போது சூடாகவும் லேசாகவும் இருக்கும் தட்டு, விலகிப் போகப் போகக் குளிர்ந்து, கனத்து, கடைசியில் இன்னொரு தட்டுக்கு அடியில் தலைகுப்புற இறங்கிவிடும். இறங்குகிற அந்த நுனிதான் பின்னால் வரும் மொத்தத் தட்டையும் இழுக்கிறது. தட்டுகள் நகர்வதற்கு முக்கியக் காரணம் அடியிலிருந்து தள்ளும் கொதிப்பு அல்ல, முன்னால் மூழ்கும் கனம் என்பதுதான் இன்றைக்குப் பரவலாக ஏற்கப்படும் கருத்து. எனவே பால்கோவாவைச் சாப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். 2019இல் அது வாங்கியது புவிசார் குறியீடு; புவியியலுக்கும் சேர்த்து வாங்கவில்லை.

அடுத்தது தவளை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988இல் ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். 2021இல் அதை மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். அணிலுக்கும் புலிக்கும் பலகை உண்டு, படம் உண்டு. தவளைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் விலகும் எல்லைக்கு இந்த வட்டாரத்தில் இதைவிடச் சிறந்த வாத்தியார் கிடையாது. 2017இல் இந்தச் சரணாலயத்துக்குள் கிடைத்த ஓர் ஊதாத் தவளையைப் புதிய இனம் என்று அறிவித்தார்கள். கோயம்புத்தூரில் சாலிம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றி 2014இல் மறைந்த ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள்: நாசிகபட்ராகஸ் பூபதி. உப்பிய உடம்பு, குட்டைக் கால், பன்றிக் குட்டிபோல் கூர்ந்த மூக்கு. அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாது. மண்ணுக்குள்ளேயே இருந்துகொண்டு கரையான் தின்று வாழும். இனப்பெருக்கத்துக்காக வருஷத்தில் சில நாள் மட்டும் வெளியே தலை காட்டும். இதன் அண்ணன், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2003இல் உலகுக்கு அறிமுகமான ஊதாத் தவளை, தென்மேற்குப் பருவமழைக்கு வெளியே வருவார். நம்மவர் கிழக்குச் சரிவின் ஆள். வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பார். ஐப்பசி அடைமழையில் நம்மவரின் தலைப்பிரட்டைகள் ஓடைப் பாறைகளில் வாயால் ஒட்டிக்கொண்டு வெள்ளத்தை எதிர்த்து நிற்கும்.

சரி, இந்த அண்ணன் தம்பி இருவருக்கும் நெருங்கிய சொந்தம் எங்கே இருக்கிறது? பொள்ளாச்சியில் இல்லை, குடகில் இல்லை. செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது. நடுவில் சுமார் 2,800 கிலோமீட்டர் உப்புத் தண்ணீர். தவளைத் தோலுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. நீந்திப் போயிருக்க முடியாது. கப்பலில் போக மரைக்காயரும் இல்லை. தவளை எங்கும் போகவில்லை, கரைதான் போனது. மடகாஸ்கர் பிரிந்த பிறகும் செஷல்ஸ் நம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பொங்கி ஓடிய காலத்தை ஒட்டி, சுமார் 6.3 கோடி ஆண்டுகளுக்கு முன், அதுவும் கழன்றுகொண்டது. இரண்டு தவளை வம்சங்களும் கிளை பிரிந்தது அதற்கும் முன்பே. பங்காளிகள் ஒரே வீட்டில் தனி அடுப்பு வைத்திருந்தார்கள், பிறகு வீடே இரண்டாகிவிட்டது.

இதைத் தேநீர்க் கடையில் சொல்லும்போது எச்சரிக்கை தேவை. கையில் நாளிதழோடு ஓர் அண்ணாச்சி கட்டாயம் இருப்பார். "அதான் தம்பி, லெமூரியா! குமரிக்கண்டம்! கடல் கொண்டுட்டுப் போயிருச்சு" என்று ஆரம்பிப்பார். டீ ஆறுவதற்குள் அவரை மறுக்க முயல வேண்டாம். லெமூரியாவை முதலில் கிளப்பியது தமிழ்ப் புலவர் அல்ல, பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், 1864இல். மடகாஸ்கரில் லெமூர் என்னும் தேவாங்கு வகை விலங்கு நிறைய இருக்கிறது, அதன் சொந்தங்கள் இந்தியாவிலும் இருக்கின்றன, ஆகவே நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றார். அவருடைய கேள்வியில் தப்பில்லை. இங்கேயும் அங்கேயும் ஒரே சாதி விலங்கு எப்படி என்பதுதான் நம் தவளைக் கேள்வியும். கண்டங்கள் நகரும் என்று அன்று யாரும் நம்பாததால், அவருக்கு ஒரு பாலம் கட்டி மூழ்கடிக்க வேண்டியிருந்தது. தட்டுகள் நகர்வது தெரிந்த பிறகு பாலம் வேலையற்றுப் போயிற்று. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னால் உங்கள் டீக்கும் அவர் காசு கொடுக்க மாட்டார். குமரிக்கண்டத்தை அவருக்கே விட்டுக் கொடுத்துவிட்டு, "அந்தக் கண்டம் மூழ்கலை அண்ணாச்சி, நாம அதுமேல ஏறி வந்துட்டோம்" என்று முடித்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். அவருக்கும் திருப்தி, உங்களுக்கும் முழுப் பொய் இல்லை.

செஷல்ஸை நம்மிடமிருந்து பிரித்த விலகும் எல்லை இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. வரைபடத்தில் அரபிக்கடலுக்குத் தென்மேற்கே விரலை வையுங்கள். அங்கே கடலடியில் ஒரு மலைத்தொடர், அதன் நடுவில் பிளவு, பிளவில் புதிய தரை. அதன் பெயர் கார்ல்ஸ்பர்க் தொடர். ஆமாம், அதே பீர் கம்பெனி. 1928 முதல் 1930 வரை உலகம் சுற்றிய டானா என்ற டென்மார்க் ஆய்வுக் கப்பலுக்கு அந்தக் கம்பெனியின் அறக்கட்டளை பணம் கொடுத்தது. நன்றிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பஞ்சாலை முதலாளி யாராவது ஒரு கப்பலை அனுப்பியிருந்தால் இன்றைக்கு உலக வரைபடத்தில் ராஜபாளையம் தொடர் என்று இருந்திருக்கும். ஆனால் அப்போது அவர்கள் நூற்பாலை தொடங்கும் யோசனையில் இருந்தார்கள்.

குவியும் எல்லைக்குப் போகலாம். இதற்கு உள்ளூரில் ஒரு கதை தயாராக இருக்கிறது. ராஜபாளையத்துச் சஞ்சீவி மலை, அனுமன் இமயத்திலிருந்து தூக்கி வந்த மலையில் விழுந்த துண்டு என்பார்கள். கதையில் இமயம் தெற்கே வருகிறது. புவியியலில் நாம்தான் வடக்கே போனோம், அதுவும் தலைதெறிக்க. கோண்டுவானாவிலிருந்து கழன்ற பின், ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேலான வேகம். வழியில் டெத்திஸ் என்று ஒரு கடல் இருந்தது. அதன் தரை ஆசியாவுக்கு அடியில் இறங்கித் தீர்ந்தது. தீர்ந்ததும், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டமும் கண்டமும் முட்டின. கண்டப் பாறை லேசானது, கடல் தட்டுபோல் மூழ்கத் தெரியாது. இரண்டும் விட்டுக்கொடுக்காமல் நின்றதில் நடுவில் இருந்ததெல்லாம் மடிந்து மேலே போனது.

இதற்குச் சாட்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் பல வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது. சாளக்கிராமம் நேபாளத்தில் காளி கண்டகி ஆற்றுப் படுகையில் கிடைக்கும் கறுப்புக் கல். அதன் உள்ளே தெரியும் சக்கரம், அம்மோனைட் என்ற கடல் உயிரின் சுருள் ஓடு பதிந்த தடம். அந்த உயிர்க் கூட்டம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்தது. வாழ்ந்த இடம் டெத்திஸ் கடல். இன்று கிடைக்கும் இடமோ 3,700 மீட்டருக்கு மேலே இருக்கும் முக்திநாத்தின் சுற்றுவட்டாரம். நூற்றெட்டுத் திவ்யதேசப் பட்டியலில் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கிறது, சாளக்கிராமம் என்ற அந்த முக்திநாத்தும் இருக்கிறது. தட்டின் நடுவையும் மோதிய விளிம்பையும் ஒரே பட்டியலில் சேர்த்த பெரியவர்கள் நமக்கு வேலையைக் குறைத்துவிட்டார்கள். பாட்டி அனுமதித்தால் பிள்ளைக்குத் தூரத்திலிருந்து காட்டுங்கள். "பாட்டி, இது நத்தைக்குச் சொந்தமா?" என்று பிள்ளை வாய்விட்டுக் கேட்டால், அன்றைய பாடத்தை அத்துடன் முடித்துக்கொள்ளவும். ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன், அம்மோனைட் நத்தையைவிடக் கணவாய்க்குத்தான் நெருக்கம். அதைப் பாட்டியிடம் சொல்ல வேண்டாம்.

அந்த முட்டல் இன்னும் ஓயவில்லை. நாம் ஆண்டுக்கு நகரும் 5 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டரை இமயம் அமுக்கத்தில் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை எப்போதாவது மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கிறது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் கொடுத்தது. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள்.

குவியும் எல்லையின் இன்னொரு முகத்தைப் பற்றி எழுதும்போது கேலியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைக்க வேண்டியிருக்கிறது. கிழக்கே அந்தமான் முதல் சுமத்ரா வரை நம் தட்டின் கடல் பகுதி, பக்கத்துத் தட்டுக்கு அடியில் இறங்குகிறது. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு அந்த விளிம்பு சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. அளவு 9.1. கடலடி தூக்கியதில் கடலே எழுந்தது. இரண்டு இரண்டரை மணி நேரத்தில் அலை நம் கரைக்கு வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர். கன்னியாகுமரிப் பக்கம் மணக்குடிப் பாலமே பெயர்ந்து போனது. நம் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை என்பதால் அன்று நாம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். இந்தக் கையேட்டில் மனப்பாடம் செய்ய வேண்டிய வரி ஒன்றே ஒன்றுதான்: கரையில் நிற்கும்போது நிலம் நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, கிளிஞ்சல் பொறுக்கப் போகாமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும். எல்லை 1,600 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதன் கை நீளம்.

உரசும் எல்லையை யாரும் ஆசையாகப் படிப்பதில்லை. மலை முளைக்காது, கடல் பிறக்காது, எரிமலையும் அநேகமாக இருக்காது. படம் வரையவும் சுவாரஸ்யம் இல்லை. தென்காசிப் பக்கம் உறவினர் வீட்டு விசேஷம் வந்தால் அதை ஒட்டிப் படித்துக்கொள்ளுங்கள். அச்சன்கோவிலிலிருந்து தென்காசிப் பக்கமாகத் தென்கிழக்கே இறங்கும் ஒரு பாறைப் பட்டை இருக்கிறது. அச்சன்கோவில் ஆறு பெரும்பாலும் அதை ஒட்டியே ஓடுகிறது. வடக்கே இருப்பது மதுரைப் பாளம், அதாவது நாம். தெற்கே திருவனந்தபுரம் பாளம். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஆழத்தில் சூடாக இருந்தபோது இரண்டும் உரசி இழுபட்ட தழும்பு அது. அன்று அது தட்டு எல்லையாகவே இருந்ததா, தட்டுக்குள்ளேயே நடந்த இழுபறியா என்று ஆய்வாளர்கள் இன்னும் உரசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த உரசல்தான் இப்போது உயிரோடு இருக்கிறது. பாறை அடங்கி வெகுகாலம் ஆயிற்று.

உயிருள்ள உரசல் வேண்டுமென்றால் பர்மாவுக்குப் போக வேண்டும். பர்மா என்றதும் விருதுநகர்க்காரர்களுக்கு எண்ணெய்ப் பரோட்டா ஞாபகம் வரும், கொஞ்சம் பொறுங்கள். அந்த நாட்டின் நடுவில் வடக்கு தெற்காக ஓடும் சகாயிங் பிளவில் இரண்டு தட்டுகள் பக்கவாட்டில் நழுவுகின்றன. 2025 மார்ச் 28 அன்று அது 7.7 அளவில் நழுவியபோது, ஒரு கண்காணிப்பு கேமரா தரை கிழிந்து ஒரு பக்கம் அப்படியே வழுக்கிப் போவதைப் படம் பிடித்துவிட்டது. வாசல் கதவுக்கு வெளியே இருந்த நிலம் சில விநாடிகளில் இடம் மாறுகிறது. இப்படி ஒரு காட்சி அதற்கு முன் பதிவானதில்லை. புத்தகத்தில் இருக்கும் மூன்றாவது படத்தின் அம்புக்குறிகளுக்கு உயிர் வந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளைக்கு அந்தக் காணொளியைக் காட்டுங்கள். மாண்டலேயில் இடிந்து கிடந்த வீடுகளையும் அதே மூச்சில் காட்ட வேண்டியிருக்கும்.

இதற்கு நடுவில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் தட்டின் நடுவில் பத்திரமாக இருக்கிறது என்று கொத்தனாரிடம் சொல்லிக் கம்பியைக் குறைக்காதீர்கள். 1993இல் லாத்தூரும் 2001இல் புஜ்ஜும் எல்லைக்கோட்டின் மேல் இல்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் 6 அளவை ஒட்டி ஆடியிருக்கிறது. 2000 டிசம்பரில் இடுக்கிப் பக்கம் வந்த நடுக்கத்தைத் தென் மாவட்டங்களில் பலர் உணர்ந்தார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு நடுக்கம் அபூர்வம், அவ்வளவுதான்.

கடைசியாக, குரூப் 4 எழுதுகிறவர்களுக்கு. நமக்கு மிக அருகில் உள்ள தட்டு எல்லை எது என்று கேள்வி வந்தால் என்ன செய்வது? உண்மையான பதில், இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் கோடே இல்லாமல் பரந்து கிடக்கும் ஒரு குழப்பம். இந்தியத் தட்டும் ஆஸ்திரேலியத் தட்டும் ஒன்று என்று பல காலம் சொல்லி வந்தார்கள். உண்மையில் இரண்டும் மெல்ல மெல்லத் தனிக்குடித்தனம் போய்க்கொண்டிருக்கின்றன. பிரிகிற இடம் ஒரு கோடாக இன்னும் இறுகவில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குக் கடலடி நெளிந்தும் உடைந்தும் கிடக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே, அகழிக்கு வெளியே, தட்டுக்கு உள்ளேயே 8.6 அளவில் ஒரு நடுக்கம், சில மணி நேரத்தில் 8.2 அளவில் இன்னொன்று. சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள், கரையோரம் சுனாமி எச்சரிக்கை. பெரிய அலை வரவில்லை. தரை பக்கவாட்டில் நழுவியதே தவிரத் தூக்கவில்லை, ஆகவே கடலும் எழவில்லை. உரசும் எல்லைக்கும் குவியும் எல்லைக்கும் என்ன வித்தியாசம் என்பதை அந்த ஒரு மத்தியானம் தமிழ்நாடு முழுக்கச் செய்முறையாகக் கற்றுக்கொண்டது.

ஆனால் விடைத்தாளில் இந்தப் பேச்சையெல்லாம் எடுக்க வேண்டாம். நாலு விடைகளில் ‘இந்திய-ஆஸ்திரேலியத் தட்டின் எல்லை’ என்று ஒன்றாகச் சேர்த்துத்தான் போட்டிருப்பார்கள். அந்த வட்டத்தையே கருப்பு மையால் நிரப்புங்கள். தட்டு உடைந்து முடியப் பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். விடைக்குறிப்பு அடுத்த வாரமே வந்துவிடும்.